கஸ்டம் புல்லட்டுக்கு ஆயில் லைனும் ஆயில் கூலரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புல்லட்டையோ கிளாசிக்கையோ பிரித்துப்போட்டு பாபர், கஃபே ரேசர், ஸ்க்ராம்ப்ளர் என்று மாற்றிக் கட்டுகிறவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் ஆயில் கூலர், அதாவது என்ஜின் ஆயிலைக் காற்றில் குளிரவைக்கும் சின்ன ரேடியேட்டர் பற்றிக் கேட்டுவிடுவார்கள். சென்னையில் 1955 முதல் புல்லட் தயாராகிறது. அதனால் இந்த ஊரில் தெருவுக்கு ஒரு கருத்தும் உண்டு. இங்கே சொல்வது ராயல் என்ஃபீல்டின் காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் என்ஜின்களை மனத்தில் வைத்து. வேறு வண்டி வரும் இடத்தில் பெயர் சொல்லிவிடுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூலர் இரண்டாவதுதான். ஆயில் ஓடும் லைன், அதன் ஃபிட்டிங், அது போகும் வழி, இவை மூன்றும் சரியாக இருந்தால்தான் கூலரைப் பற்றிப் பேசவே வேண்டும்.

என் வண்டிக்கு ஆயில் கூலர் உண்மையிலேயே வேண்டுமா?

அளக்காமல் பதில் சொல்ல முடியாது. சிலிண்டரைத் தொட்டுப் பார்த்து "கொதிக்குது" என்பது அளவு ஆகாது. காற்றில் குளிரும் என்ஜினின் ஃபின் (சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் தகடு) எப்போதுமே கையைச் சுடும், அதுதான் அதன் வேலை. பார்க்க வேண்டியது ஆயிலின் சூடு.

நல்ல ஓட்டத்தில் ஆயில் 80 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் என்ஜின் நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம். வெயில் காலத்தில் நெடுஞ்சாலையில் 120ஐத் தொட்டு இறங்கினாலும் பதற வேண்டாம். 130ஐத் தாண்டி அங்கேயே நின்றால்தான் கூலரைப் பற்றி யோசிக்க வேண்டும். தினமும் அலுவலகம் போய் வருகிற, ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று போகிற 350க்குப் பெரும்பாலும் தேவைப்படாது. சிலிண்டரின் போரை (உள்விட்டத்தை) பெரிதாக்கிய வண்டி, கம்ப்ரெஷன் ஏற்றிய வண்டி, சுமை கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் போகிற 500, இவற்றுக்குத் தேவைப்படலாம்.

ஆயில் சூட்டை எப்படி அளப்பது?

எளிதான வழி, டிப்ஸ்டிக் இருக்கும் இடத்தில் மாட்டுகிற தெர்மாமீட்டர். ஆயில் மூடிக்குப் பதிலாக முள் வைத்த டயல் வரும். வண்டியை நிறுத்தி உடனே பார்த்தால் போதும். மூடியின் திரட்டும் (த்ரெட், மரை) தண்டின் நீளமும் உங்கள் என்ஜினுக்குப் பொருந்துகின்றனவா என்று மட்டும் வாங்கும்போது பாருங்கள். தண்டு உள்ளே சுற்றும் எதையும் தொடக் கூடாது.

லேசர் புள்ளி விழும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி பட்டறைகளில் சாதாரணமாகிவிட்டது. அதில் ஒரு சிக்கல் உண்டு. பளபளக்கும் அலுமினியத்தில் அடித்தால் உண்மையைவிடக் குறைத்துத்தான் காட்டும். மினுக்கிய உலோகம் வெப்பத்தை மிகக் குறைவாகத்தான் கதிராக வெளியிடும், கருவி அதை நம்பி ஏமாறுகிறது. டிரெய்ன் போல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு வெப்பம் தாங்கும் கறுப்பு பெயின்ட் அடித்து, எப்போதும் அதே இடத்தில் அளந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வண்டி ஹீட் ஆகிறது, நியூட்ரல் விழ மறுக்கிறது, பிக்கப் குறைகிறது. கூலர் போட்டால் தீருமா?

பெரும்பாலும் தீராது. சூடு ஏன் வருகிறது என்று பார்க்காமல் கூலர் மாட்டினால் காரணம் உள்ளேயே இருக்கும், அறிகுறி மட்டும் கொஞ்சம் குறையும்.

கஸ்டம் வண்டிகளில் முதல் சந்தேகம் கலவை மேல். ஏர் பாக்ஸைத் தூக்கிவிட்டு கோன் ஃபில்டர் போடுவார்கள், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போடுவார்கள், கார்புரேட்டரின் ஜெட்டை மட்டும் அப்படியே விட்டுவிடுவார்கள். காற்று கூடி பெட்ரோல் கூடாமல் போனால் கலவை மெலியும், சிலிண்டர் ஹெட் கொதிக்கும். இன்ஜெக்ஷன் வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் மெதுவான ஓட்டத்தில் ஓரளவு சரிக்கட்டும். முழு த்ராட்டிலில் அந்த உதவி கிடைக்காது.

அடுத்தது இக்னிஷன் டைமிங். பிளாட்டினம் பாயின்ட் இருக்கும் பழைய புல்லட்டில் டைமிங் தாமதித்தால் எரிதல் பாதி எக்ஸாஸ்ட்டில் நடக்கும். சைலன்சர் வளைவு நீலம் பாய்ந்து, எக்ஸாஸ்ட் பக்கம் தனியாகச் சுடும். வால்வை இயக்கும் டேப்பட் இறுக்கமாக இருந்தாலும் வால்வு சரியாக உட்காராமல் சூடு ஏறும். பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், இறுகிய செயின், இவையும் என்ஜினுக்குக் கூடுதல் சுமைதான். ஃபின்களுக்கு நடுவே சேறும் ஆயிலும் சேர்ந்து காய்ந்து அடைத்திருக்கிற வண்டியை நிறையப் பார்க்கலாம். ஒரு பழைய பல் தேய்க்கும் பிரஷும் மண்ணெண்ணெயும் போதும், அது சரியாகிவிடும்.

இவை எல்லாம் ஒழுங்காக இருந்தும் ஆயில் 130இல் நிற்கிறது என்றால், சரி, கூலருக்கு வாருங்கள்.

என் என்ஜினில் ஆயில் எப்படி ஓடுகிறது? அது ஏன் முக்கியம்?

லைனை எங்கே வெட்டிச் சேர்ப்பது என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

பழைய வார்ப்பிரும்பு சிலிண்டர் புல்லட்டில் ஆயில் டேங்க் தனியாகத் தொங்காது. என்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸின் பின்பகுதியிலேயே ஓர் அறையாக இருக்கிறது. கிராங்க்கின் நுனியில் உள்ள வார்ம் கியர் இரண்டு பிளஞ்சர் பம்புகளை ஓட்டுகிறது. ஒன்று டேங்க்கிலிருந்து ஆயிலை அனுப்புகிறது, மற்றது அடியில் சேர்ந்ததைத் திரும்ப எடுக்கிறது. ஹெட்டில் வால்வை அமுக்கும் ராக்கருக்குப் போகும் மெல்லிய பைப் வெளியே தெரியும். இந்தப் பம்புகள் நிதானமாக ஓடுபவை, பெரிய எதிர்ப்பைத் தாண்டி ஆயிலைத் தள்ள இவற்றால் முடியாது. நீளமான லைனும் பெரிய கூலரும் மாட்டி இவற்றைத் திணறடித்தால் பெரிய எண்டுக்கு (கனெக்டிங் ராடின் அடிப்பக்க பேரிங்குக்கு) போக வேண்டிய ஆயில் குறையும். இந்த என்ஜினுக்குக் கூலர் போடுவதைவிட டைமிங்கையும் கலவையையும் பம்பையும் ஒழுங்காக வைப்பதே மேல் என்பது என் எண்ணம்.

2008க்குப் பிறகு தண்டர்பேர்டு, கிளாசிக், புல்லட் என்று வரிசையாக வந்த யூசிஇ (என்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும்) என்ஜின் வெட் சம்ப். ஆயில் அடியிலேயே கிடக்கும், கியர் பாக்ஸுக்கும் கிளட்ச்சுக்கும் அதே ஆயில். இதில் ஹைட்ராலிக் டேப்பட் இருக்கிறது, அது வேலை செய்ய ஆயில் அழுத்தம் வேண்டும். லைனோ கூலரோ அழுத்தத்தைத் தின்றால் முதலில் புகார் சொல்வது அந்த டேப்பட்தான், ஹெட் பக்கத்தில் டிக் டிக் என்று சத்தம் நிற்காது. இந்த என்ஜினுக்கு வரும் கிட்டுகளில் வலப்பக்க ஆயில் ஃபில்டர் மூடிக்குப் பதிலாக ஓர் அடாப்டர் வரும். அதை வாங்கும்போது உள்ளே ஓடும் துளைகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஃபில்டரிலிருந்து வரும் வழியைவிட அடாப்டரின் துளை சின்னதாக இருந்தால் வாங்க வேண்டாம். துளைகள் சந்திக்கும் மூலையில் டிரில் விட்ட பிசிறு நிற்கும். அதை அப்படியே மாட்டினால் என்றைக்காவது உடைந்து ஆயிலோடு உள்ளே போகும்.

2016இல் வந்த ஹிமாலயன் 411 கம்பெனியிலிருந்தே ஆயில் கூலருடன் வந்தது. 2018இன் இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜிடி 650 இரண்டிலும் அப்படியே. 2020இல் மீட்டியாருடன் வந்த 349 சிசி என்ஜினில் வெளியே கூலர் கிடையாது, ஆனால் ஹெட்டைக் குளிர்விக்க ஆயிலையும் பயன்படுத்துகிறார்கள். ஆயிலையே குளிர்விக்கும் திரவமாக வைப்பதை 1985இல் சுசுகி தன் ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750இல் பெரிய அளவில் செய்து காட்டியது. அதில் உராய்வைக் குறைக்க ஒரு சுற்று, ஹெட்டின் மேல் கொட்டிக் குளிர்விக்க இன்னொரு சுற்று என்று பம்பே பிரிந்து வேலை செய்தது. நம் யூசிஇயில் அப்படி எதுவும் இல்லை. கூலர் மாட்டினால் ஆயில் குளிரும், அதன் வழியாக ஹெட்டும் பிஸ்டனும் கொஞ்சம் குளிரும், அவ்வளவுதான். ஹெட்டின் பெரும்பாரத்தைச் சுமப்பது ஃபின்னில் படும் காற்று.

சாதாரண ரப்பர் ஹோஸ் போதாதா? ஸ்டீல் பின்னல் ஹோஸ் அழகுக்குத்தானா?

ரப்பர் ஹோஸில் நல்லதும் உண்டு. ஆயில் தாங்குவதற்கென்று செய்த நைட்ரைல் ஹோஸ் 100 டிகிரிக்குச் சற்று மேல் வரை நன்றாக உழைக்கும். கேடு வருவது கடையில் கிடைத்த பெட்ரோல் டியூபை ஆயிலுக்குப் போடுவதால். பெட்ரோல் டியூப் சூடான ஆயிலுக்குச் செய்ததல்ல. சில மாதத்தில் உள்தோல் உப்பி வழியை அடைக்கும், அல்லது வெளியே காய்ந்து வெடிக்கும். ஹோஸின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று படிக்காமல் வாங்காதீர்கள். எதுவும் அச்சடிக்காத ஹோஸை வாங்கவே வேண்டாம்.

அழுத்தம் இருக்கும் பக்கத்துக்கு ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ்தான் என் தேர்வு. அதில் இரண்டு வகை. உள்ளே ரப்பர் இருப்பது சுலபமாக வளையும். உள்ளே டெஃப்லான் இருப்பது 200 டிகிரிக்கு மேலும் தாங்கும், ஆயில் எதுவானாலும் கெடாது. ஆனால் இறுக்கி வளைத்தால் மடிந்துவிடும். ஒருமுறை மடிந்த டெஃப்லான் ஹோஸ் மறுபடி உருண்டையாகாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஸ்டீல் பின்னலுக்கு ஒரு கெட்ட குணம்: அது அரம். ஒற்றை சிலிண்டரின் அதிர்வில் ஃபிரேமில் உரசிக்கொண்டே இருந்தால் முதலில் பவுடர் கோட் போகும், அப்புறம் இரும்பு பளபளக்கும், அலுமினிய டேங்கிலோ கேஸிலோ உரசினால் பள்ளமே விழும். வயரிங்கில் உரசினால் ஷார்ட். ஃபிரேமின் முன்குழாயைச் சுற்றித் திரும்பும் இடத்தில் ரப்பர் உறை போட்ட பி கிளிப் வைத்து ஹோஸைத் தனியாகப் பிடித்து நிறுத்துங்கள். வெறும் ஜிப் டை போதாது.

பின்னல் ஹோஸை எப்படி வெட்டுவது? கம்பி பிரிந்துவிடுகிறதே?

வெட்ட வேண்டிய இடத்தில் இன்சுலேஷன் டேப்பை இறுக்கமாக மூன்று நான்கு சுற்று சுற்றுங்கள். அந்த டேப்பின் நடுவில்தான் வெட்டு விழ வேண்டும். ஆக்ஸா பிளேடு வேண்டாம், கம்பியைப் பிடித்து இழுத்துப் பிரித்துவிடும். மெல்லிய கட்டிங் டிஸ்க் போட்ட கிரைண்டரில் ஒரே ஓட்டமாக வெட்டினால் நேராக வரும்.

வெட்டிய உடனே ஃபிட்டிங் மாட்டப் போகாதீர்கள். ஹோஸின் உள்ளே கறுப்பாகத் துகள் ஒட்டியிருக்கும். ரப்பரும் டிஸ்க்கின் தூளும் இரும்புப் பொடியும் கலந்தது அது. நேராக பேரிங்குக்குப் போகக்கூடிய விஷம். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, கம்ப்ரெஸர் காற்றை இரண்டு பக்கமிருந்தும் அடித்து, வெள்ளைத் துணித்துண்டு ஒன்றைக் கம்பியில் கட்டி உள்ளே இழுங்கள். துணி வெள்ளையாக வரும்வரை செய்யுங்கள். அப்புறம் இரு முனையிலும் சுத்தமான பிளாஸ்டிக் மூடி. மாட்டும் நேரம் வரை அதைக் கழற்ற வேண்டாம்.

இவ்வளவு வேலைக்குப் பொறுமை இல்லையென்றால் ஹைட்ராலிக் ஹோஸ் கடைக்குப் போங்கள். ஜேசிபிக்கும் டிராக்டருக்கும் ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது. நீளத்தைக் கயிற்றில் அளந்து கொண்டுபோனால் நசுக்கி இறுக்கித் தருவார்கள். கயிறு வைத்து அளக்கும்போது முன்பக்க ஃபோர்க்கை இடப்பக்கமும் வலப்பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து அளவெடுங்கள். வாங்கி வந்த ஹோஸையும் கழுவித்தான் மாட்ட வேண்டும்.

ஹோஸின் உள்விட்டம் எவ்வளவு இருக்கலாம்?

மெல்லியதாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று 6 மில்லிமீட்டருக்குப் போகிறவர்கள் உண்டு. குழாயில் சீராக ஓடும் திரவத்துக்கு ஒரு விதி இருக்கிறது: அதே அளவு ஆயில் ஓட வேண்டும் என்றால், விட்டம் பாதியானால் எதிர்ப்பு 16 மடங்காகும். காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது இது இன்னும் உறைக்கும். வெட் சம்ப் புல்லட்டின் கூலர் லைனுக்கு 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வையுங்கள். ஏஎன் என்ற அமெரிக்க ஃபிட்டிங் அளவுமுறையில் ஏஎன் 6 அளவு ஹோஸ் இதற்குச் சரியாக வரும்.

ராக்கருக்குப் போகும் பழைய பைப்பைப் பின்னல் ஹோஸாக மாற்றுகிறவர்கள் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே ஓடும் ஆயில் கொஞ்சம்தான். அளவைத் தீர்மானிப்பது பான்ஜோ போல்ட்டில் (லைன் முனையின் வளையத்தைப் பிடிக்கும், உள்ளே ஆயில் வழி உள்ள போல்ட்) இருக்கும் சின்னத் துளை. அதைப் பெரிதாக்க டிரில்லை எடுக்காதீர்கள்.

ஏஎன், பிஎஸ்பி, மெட்ரிக்: எது எதோடு சேரும்?

எதுவும் எதோடும் சேராது என்று வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம். ஏஎன் ஃபிட்டிங்கின் கூம்பு 37 டிகிரி. ஏஎன் 6 என்றால் 6/16 அங்குலக் குழாய்க்கு உரியது, அதாவது 3/8. திரட்டு 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 18 புரி. ஏஎன் 8 என்றால் 3/4 அங்குலம், 16 புரி.

நிஜத் தொல்லை தருவது 1/8 அங்குலம். பிரிட்டிஷ் பைப் திரட்டான பிஎஸ்பியில் அது அங்குலத்துக்கு 28 புரி, அமெரிக்கப் பைப் திரட்டான என்பிடியில் 27. இரண்டு சுற்று சுகமாக ஏறும், மூன்றாவதில் பிடிக்கும், "டைட் ஆயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். சூடேறியதும் கசியும். இன்னும் ஒரு சுற்று வலுவாகத் திருப்பினால் அலுமினியக் கேஸின் திரட்டு போய்விடும். பிரஷர் சென்சார், தெர்மோஸ்டாட் ஹவுசிங் மாட்டும்போது இது அடிக்கடி நடக்கிறது. சில நூறு ரூபாய்க்குத் திரட்டு கேஜ் ஒன்று கிடைக்கும், அதை வைத்துப் பார்த்த பிறகு மாட்டுங்கள். பொருந்தவில்லையென்றால் லேத்தில் கொடுத்து ஓர் அடாப்டர் கடைந்து வாங்குவது, கேஸை டாப் போட்டு மாற்றுவதைவிட எவ்வளவோ நல்லது.

வாஷர், டெஃப்லான் டேப், கேஸ்கட் பேஸ்ட்?

பான்ஜோவுக்கு இரு பக்கமும் செம்பு அல்லது அலுமினிய வாஷர், ஒவ்வொரு முறையும் புதிது. செம்பு வாஷர் கையில் வேறு இல்லையென்றால் பழையதை மங்கிய சிவப்பாகும்வரை கேஸ் அடுப்பில் காட்டி ஆறவிட்டால் மறுபடி மென்மையாகிவிடும். கரியைத் துடைத்துவிட்டுப் போடலாம்.

டெஃப்லான் டேப் ஆயில் லைனில் வேண்டவே வேண்டாம். கூம்பு ஃபிட்டிங்கில் கசிவைத் தடுப்பது கூம்புதான், திரட்டு அல்ல. டேப்பின் நூல் ஒன்று பிய்ந்து உள்ளே போனால் பான்ஜோவின் துளையை அடைக்க அது போதும். பேஸ்ட்டும் அப்படித்தான், உள்பக்கம் பிதுங்கும்.

எந்தக் கூலர் வாங்குவது? வேறு வண்டியின் கூலர் ஆகுமா?

ஆகும். பல்சர் 220, கரிஸ்மா இசட்எம்ஆர், ஹிமாலயன் 411 இவற்றின் கூலர்கள் சின்னவை, ஒற்றை சிலிண்டருக்குத் தோதான அளவு, உதிரிபாகமாகவும் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழையது வாங்கலாமா என்றால், நான் வாங்க மாட்டேன். என்ஜின் சீஸ் ஆன வண்டியிலிருந்து வந்த கூலராக இருந்தால் அதன் குழாய்களுக்குள் உலோகத் துகள் தங்கியிருக்கும். அதை முழுக்கக் கழுவி எடுக்க வழியே இல்லை.

பெரிய காருக்கான, 19 வரிசைக் குழாய் உள்ள கூலரை மாட்டிக்கொண்டு அழகு பார்க்க வேண்டாம். 5 முதல் 10 வரிசை இருந்தால் புல்லட்டுக்கு மிஞ்சும். பெரிய கூலர் ஆயிலை அளவுக்கு மேல் குளிரவிடும், சின்ன பம்புக்குக் கூடுதல் பாரமும் ஆகும்.

எங்கே மாட்டுவது?

காற்று நேராக வந்து மோதும் இடம், கல் நேராக வந்து மோதாத இடம். ஃபிரேமின் முன்குழாய்க்கு முன்னால், முன் மட்கார்டுக்கு மேலே வைப்பதுதான் வழக்கம். ஃபோர்க் முழுக்க அமுங்கும்போது மட்கார்டு இடிக்கக் கூடாது. மட்கார்டை வெட்டிச் சின்னதாக்கிய கஸ்டம் வண்டியில் முன்சக்கரம் வாரி அடிக்கும் கல்லும் சேறும் கூலரில்தான் வந்து விழும், ஒரு கம்பி வலை கட்டாயம். சிலிண்டர் ஹெட்டுக்குப் போகும் காற்றை மறைக்கும்படி வைத்தால் ஆயிலைக் குளிர்வித்து ஹெட்டைச் சூடாக்கியதுதான் மிச்சம். சீட்டுக்கு அடியில் ஒளித்து வைக்கிறவர்கள் அதை மாட்டாமலே இருக்கலாம்.

இரண்டு வாய்களும் மேல் பார்த்து இருந்தால் காற்றுக்குமிழி உள்ளே சிக்காது. பக்கவாட்டில் படுக்க வைத்தால் ஆயில் கீழ் வாயில் நுழைந்து மேல் வாயில் வெளியேற வேண்டும். கீழ்நோக்கித் தொங்கவிட்டால் மேல் பாதியில் காற்று நின்றுவிடும், கூலரில் பாதி வீண்.

கூலரை நேரடியாக ஃபிரேமில் வெல்டு செய்த பட்டையில் இறுக்காதீர்கள். புல்லட்டின் அதிர்வுக்கு அதன் காதுகள் விரிசல் விடும். நான்கு ரப்பர் புஷ் வைத்து மிதக்கவிடுங்கள். சைடு ஸ்டாண்டு போட்டு ஐடிலில் விட்டுக் கூலரைப் பாருங்கள், அது தன்பாட்டுக்கு லேசாக ஆட வேண்டும், ஹோஸை இழுக்கக் கூடாது.

போக்குவரத்தில் நிற்கும்போது கூலருக்குப் பெரிய வேலை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அண்ணா சாலை சிக்னலில் மே மாதம் மதியம் நிற்கும் வண்டிக்குக் காற்று எங்கிருந்து வரும்? சின்ன மின்விசிறி வைக்கலாம், உங்கள் ஆல்டர்னேட்டர் அந்தச் சுமையைத் தாங்கினால். சிவப்பு விளக்கு நீண்டால் என்ஜினை அணைப்பது இன்னும் சுலபம்.

தெர்மோஸ்டாட் தேவையா?

சென்னையிலேயே ஓடும் வண்டிக்கு இல்லாமலும் ஓட்டலாம். ஊட்டி, கொடைக்கானல், பெங்களூர் டிசம்பர் என்று போகிறவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் எப்போதும் 70 டிகிரிக்குக் கீழே இருந்தால் எரிதலில் உண்டாகி உள்ளே சேரும் நீராவி வெளியே போகாது. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி மஞ்சள் நிறத்தில் படிவது அதுதான். சுமார் 80 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் வந்தால் இது நின்றுவிடும். வாங்கும்போது, மூடியிருக்கும் நிலையிலும் ஆயில் என்ஜினுக்குத் தடையில்லாமல் சுற்றிப்போக வழி இருக்கிற வகையா என்று உறுதி செய்யுங்கள்.

ஆயில் டேங்க் தனியாக இருக்கும் வண்டிக்கும் இதே விதிதானா?

இல்லை, அங்கே கணக்கு மாறும். 1969இல் வந்த ஹோண்டா சிபி750, ஹார்லியின் காற்றில் குளிரும் பழைய ஸ்போர்ட்ஸ்டர், இவை டிரை சம்ப். ஆயில் வெளியே டேங்க்கில் நிற்கும். கஸ்டம் கட்டுகிறவர்கள் பக்கவாட்டு இடத்தைத் திறந்துவிட வேண்டும் என்பதற்காக அந்த டேங்க்கை இடம் மாற்றுகிறார்கள், புதிதாகவும் செய்கிறார்கள்.

டேங்க்கிலிருந்து பம்புக்கு வரும் லைன் உறிஞ்சும் லைன். அதில் கூலர் வைக்கக் கூடாது, ஃபில்டர் வைக்கக் கூடாது, குழாயைச் சுருக்கவும் கூடாது. மலிவான ஹோஸ் சூட்டில் இளகி, பம்பு உறிஞ்சும்போது உள்ளே ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, என்ஜின் பட்டினியில் ஓடிக்கொண்டிருக்கும். டேங்க் பம்புக்கு மேலே இருக்க வேண்டும். கம்பெனி கொடுத்த உள்விட்டத்துக்குக் குறையவே கூடாது. கூலருக்கு இடம் என்ஜினிலிருந்து டேங்க்குக்குத் திரும்பும் லைனில். அங்கே அழுத்தம் குறைவு, ஒரு ஃபிட்டிங் கசிந்தாலும் பேரிங்குக்குப் போகும் ஆயிலின் அழுத்தம் உடனே விழாது.

கையால் செய்த டேங்க்கை வெல்டு முடித்ததும் உள்ளே கழுவாமல் மாட்டாதீர்கள். வெல்டின் சின்னச் சின்ன உருண்டைகள் உள்ளே ஒட்டியிருந்து பிறகு உதிரும்.

பிரீதர் பைப்பை எடுத்துவிடலாமா? பார்க்க நன்றாக இல்லையே?

எடுக்கக் கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. 346 சிசி புல்லட்டில் பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் அத்தனை சிசி காற்றைக் கிராங்க்கேஸுக்குள் தள்ளுகிறது. ஏர் பாக்ஸைக் கழற்றியபோது தொங்கிய பைப்பில் ஒரு போல்ட்டைச் செருகி கிளாம்ப் போட்டுவிட்டால் அந்தக் காற்று எங்கே போகும்? ஆயில் சீலைத் தள்ளும், கேஸ்கட்டைத் தள்ளும், கூலர் லைனே கசிகிற மாதிரித் தோன்றும். புது ஹோஸ், புது வாஷர் எல்லாம் போட்டும் ஆயில் கசிகிறது என்று வரும் வண்டியில் முதலில் பிரீதரைப் பாருங்கள். பழைய புல்லட்டில் ஒரே திசையில் மட்டும் திறக்கும் ரப்பர் வால்வு இருக்கும், அது உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பைப்பை ஒரு சின்ன கேட்ச் கேனுக்கு (வரும் ஆயிலைப் பிடிக்கும் டப்பாவுக்கு) கொண்டுபோய் விடுங்கள், பின் டயருக்கு மேலே விடாதீர்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று. முதல் ஸ்டார்ட் எப்படி?

கூலரைக் கழற்றி வைத்தே அதில் ஆயில் நிரப்பிக்கொள்ளுங்கள். 8 மில்லிமீட்டர் ஹோஸ் ஒரு மீட்டருக்குச் சுமார் 50 மில்லி பிடிக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கேப்போடு சேர்த்து என்ஜினில் எர்த் ஆகும்படி வைத்து, இன்ஜெக்ஷன் வண்டியானால் பெட்ரோல் பம்பின் இணைப்பைப் பிரித்துவிட்டு, சில விநாடி சில விநாடியாக ஸ்டார்ட்டரை ஓட்டுங்கள். நடுவில் மோட்டாரை ஆறவிடுங்கள். கூலரிலிருந்து திரும்பும் லைனின் கடைசி ஃபிட்டிங்கைத் தளர்த்தி வைத்தால், குமிழி குமிழியாக வந்து பிறகு ஆயில் சீராக வருவதைக் கண்ணால் பார்க்கலாம். பார்த்த பிறகு இறுக்கி, பிளக் மாட்டி, ஸ்டார்ட் செய்யுங்கள். டிரை சம்ப் வண்டியில் டேங்க் மூடியைத் திறந்து, திரும்பும் ஆயில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் விழவில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

ஐடிலில் சில நிமிடம் விட்டு, அணைத்து, லெவல் பார்த்து நிரப்புங்கள். ஹைட்ராலிக் டேப்பட் முதலில் சத்தம் போடும், ஆயில் ஏறியதும் அடங்க வேண்டும். முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி மட்டும். திரும்பி வந்து ஒவ்வொரு ஃபிட்டிங்கிலும் டிஷ்யூ காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் காகிதத்தில் தெரியும்.

கூலர் போட்டால் ஆயில் கிரேடு மாற்ற வேண்டுமா?

வேண்டாம். யூசிஇக்குக் கம்பெனி சொல்லும் 15டபிள்யூ-50ஐயே போடுங்கள். கடைசியில் உள்ள 50, ஆயில் 100 டிகிரியில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. உங்கள் ஆயில் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில்தான் இப்போதும் ஓடப்போகிறது. கிளட்ச்சும் அதே ஆயிலில் நனைவதால் டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற ஜப்பானியத் தரக்குறி இருக்க வேண்டும். உராய்வைக் குறைக்கும் கலவை சேர்த்த கார் ஆயிலைப் போட்டால் கிளட்ச் வழுக்கும்.

ஆர்டிஓ, வாரண்டி?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி அமைப்பை மாற்றுவதைப் பற்றிப் பேசுகிறது. ஃபிரேமை வெட்டினீர்களா, என்ஜினை மாற்றினீர்களா என்பதுதான் அங்கே கேள்வியாகும். கூலர் அந்த வகையில் வரும் என்று நான் நினைக்கவில்லை. வாரண்டி வேறு விஷயம். ஃபில்டர் மூடியைக் கழற்றி அடாப்டர் வைத்த என்ஜினுக்கு சர்வீஸ் சென்டரில் வாரண்டி மறுக்க வாய்ப்பு அதிகம். வாரண்டி முடியும்வரை காத்திருங்கள்.

பிறகு என்ன பராமரிப்பு?

ஆயில் மாற்றும்போது கூலரில் நிற்கும் பழைய ஆயில் தானாக வடியாது. ஒருமுறை விட்டு ஒருமுறையாவது லைனைக் கழற்றி வடியவிடுங்கள். வாரம் ஒருமுறை கழுவும்போது பிரஷர் வாஷரைக் கூலரின் ஃபின்னுக்கு நேராக அடிக்க வேண்டாம், ஃபின் மடங்கிக் காற்று வழி அடையும். பின்னல் ஹோஸின் மேல் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள், கம்பி ஒன்று குத்தினால் அந்த இடத்தில் எதுவோ உரசுகிறது. ரப்பர் ஹோஸை விரலால் நசுக்கி, வளைவின் வெளிப்பக்கத்தில் மெல்லிய கோடுகள் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். லைன் பிளந்து கொட்டும் ஆயில் நேராகப் பின் டயரில்தான் விழும், வளைவில் சாய்ந்திருக்கும்போது விழுந்தால் வண்டியைப் பிடிக்க முடியாது.